தறி மரத்திற்கு ஒரு சுரண்டு தகடு

கைத்தறி நெசவாளரின் கூலியைக் குறைக்கும் காரணங்கள் எவை என்று வினவினால், நூல் விலை, சாயத்தின் தரம், விற்பனை மந்தம், சரக்குத் தேக்கம் என்று பலவற்றை அடுக்கலாம். சங்கங்களின் பேரவைக் கூட்டங்களில் இவை ஆண்டுதோறும் பேசப்படுகின்றன, பேசப்பட வேண்டியவையே. ஆயினும் அக்கூட்டங்களில் நாம் ஒருபோதும் கேட்டறியாத காரணம் ஒன்று உண்டு. தறியின் மரத்தில் எழுந்து நிற்கும் சிராய்தான் அது. மயிரிழை அளவே உள்ள அச்சிராய் நாள் முழுதும் நூலை அறுத்துக்கொண்டிருக்கக்கூடும். அதனைக் களைவதற்கு, வீட்டிலேயே செய்துகொள்ளத்தக்க சிறு கருவி ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி நெசவாள அங்கத்தினர்களுக்கும், அவர்களோடு இவ்விதழைப் படிக்கும் விவசாய அன்பர்களுக்கும் எடுத்துரைக்க விரும்புகிறோம்.

கூலி, நெய்த துணிக்கே கிடைக்கிறது. தறியில் அமர்ந்திருந்த நேரத்திற்கு அன்று. பாவிழை ஒன்று அறுந்தால் நெசவாளர் தறியை நிறுத்த வேண்டும். அறுந்த முனையைத் தேடி எடுக்க வேண்டும். விழுதின் கண்ணிலும் அச்சின் பல்லிடுக்கிலும் மீண்டும் கோத்து முடிய வேண்டும். பிறகே மிதியில் கால் வைக்கலாம். கை தேர்ந்தவருக்கு இதற்கு ஒரு நிமிடம் போதும் என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 40 இழை அறுந்தால் 40 நிமிடம் போயிற்று. மாதத்திற்கு 25 நாள் வேலை என்றால் 1,000 நிமிடம். ஏறக்குறைய 17 மணி நேரம். அதாவது முழுதாக இரண்டு நாள் உழைப்பு. இந்த இரண்டு நாளுக்கு எவரும் கூலி கொடுப்பதில்லை. முடிச்சு மிகுந்த துணியைச் சங்கம் ஏற்கும்போது தரம் குறைந்தால் அது தனி நஷ்டம்.

இழை அறுவதற்கெல்லாம் மரமே காரணம் என்று நாம் கூறவில்லை. நூலில் முறுக்குக் குறைவு, கஞ்சி சரியாக ஏறாமை, கோடைக் காற்றின் வறட்சி, அச்சில் பிடித்த துரு ஆகிய யாவும் நூலை அறுக்கும். எது காரணம் என்று கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. துணியின் அகலம் முழுவதிலும் ஆங்காங்கே இழை அறுந்தால் நூலையோ கஞ்சியையோ சந்தேகிக்க வேண்டும். எப்போதும் ஒரே சாண் அகலத்திற்குள்ளேயே அறுந்தால் குற்றம் நூலின்மேல் இல்லை. அந்த இடத்திற்கு நேரே உள்ள அச்சையும் மரத்தையும் பார்க்க வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் தறிகளைப் பார்வையிடும்போது இக்கேள்வியை நாம் தவறாமல் கேட்பது வழக்கம். “வலது கைப் பக்கம்தான் சார் எப்பவும் அறுகுது” என்று விடை வந்தால், உடனே கையை நாடா ஓடும் பலகையின் வலது ஓரத்தில் வைத்துத் தடவிப் பார்ப்போம். பெரும்பாலும் அங்கே விரலில் ஏதேனும் குத்தும்.

இதற்குக் காரணம் தறியின் அமைப்பிலேயே இருக்கிறது. நாடாவைக் கையால் வீசி நெய்த பழைய தறியில் நாடா ஓடுவதற்கென்று தனிப் பலகை அவசியப்படவில்லை. 1733ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஜான் கே என்பவர் கயிற்றை இழுத்து நாடாவை ஓட்டும் முறையைப் பதிவு செய்த பின்னரே, இரு பக்கமும் பெட்டியும் இடையே ஓடுபலகையும் தறியில் சேர்ந்தன. இந்தியக் குழித்தறிகள் அம்முறையை ஏற்றது அதற்கு நெடுங்காலத்திற்குப் பின்பு. இந்த அமைப்பில், பாவு திறக்கும்போது கீழே தாழும் இழைகள் அனைத்தும் பலகையின் மேல் படிகின்றன. அவ்விழைகளின் மேலேதான் நாடா விரைந்து ஓடுகிறது. கீழே மரம், மேலே மரம், நடுவில் நூல். பலகையில் ஒரு சிராய் நிமிர்ந்திருந்தால், ஒவ்வோர் ஊடைக்கும் ஒரு முறை அது நூலை உரசும்.

மழைக்காலத்தில் நிலைமை இன்னும் மோசம். குழித்தறியின் அடிப்பாகம் ஈரத்திலேயே நிற்கிறது. பாவில் தடவும் கஞ்சியும் நீரும் மரத்தில் சிந்துகின்றன. ஈரம் பட்ட மரத்தின் நார்கள் பருத்து மேலெழும்; காய்ந்த பின் அவை மீண்டும் படிவதில்லை. சென்ற பங்குனியில் வழவழப்பாக இருந்த பலகை ஐப்பசியில் பூனை நாக்குப் போல் சொரசொரப்பாவது இதனால்தான். நாடாவின் பக்கங்கள், நாடாவின் உலோக முனை மரத்தோடு சேரும் இடம், துணி சுற்றும் படைமரம், பாவிழைகளைப் பிரித்துக் காக்கும் குச்சிகள் ஆகியவற்றிலும் இதே கதைதான்.

இதற்கு நெசவாளர் வழக்கமாகச் செய்யும் வைத்தியம் இரண்டு. ஒன்று, கடையில் உப்புத்தாள் வாங்கித் தேய்ப்பது. மற்றொன்று, உடைந்த கண்ணாடிச் சில்லால் சுரண்டுவது.

உப்புத்தாளை நாம் குறை கூற வரவில்லை; அதற்கு உரிய இடங்கள் உண்டு. ஆனால் அது மரத்தை அறுப்பதில்லை, அராவுகிறது. அறுபடாமல் நசுங்கிக் கிடக்கும் நார் அடுத்த ஈரத்தில் மீண்டும் எழுகிறது. தாளிலிருந்து உதிரும் கூரிய துகள்கள் மரத்தின் துளைகளில் தங்கிவிடுகின்றன. நூல் உரசும் இடத்தில் இத்துகள்கள் செய்யும் தீமை சிராய் செய்யும் தீமைக்குக் குறைந்ததன்று. மேலும் தாள் தேய்ந்தால் வேறு தாள் வாங்க வேண்டும்.

கண்ணாடிச் சில்லின் கதை வேறு. புதிதாக உடைந்த கண்ணாடியின் விளிம்பு மிகக் கூரியது. மரத்தை அழகாகவே சீவும். நம் நாட்டுத் தச்சர்கள் பல தலைமுறையாகக் கையாண்டுவரும் முறை இது; இன்றும் சிரட்டை அகப்பை செய்வோரும் கைப்பிடி செய்வோரும் இதை விடவில்லை. ஆனால் அவ்விளிம்பு சில நிமிடங்களிலேயே பொடிந்து மழுங்கும். பொடிந்த துணுக்குகள் எங்கே போகின்றன? மரத்திலும் நூலிலும் தங்குகின்றன. எஞ்சியவை தறிக்குழியில் விழுகின்றன. குழியில் மிதியின்மேல் இருப்பவை செருப்பணியாத கால்கள். இந்த ஒரு காரணத்திற்காகவே தறியருகே கண்ணாடியை உபயோகிக்க வேண்டாம் என்று நாம் திட்டமாகக் கூறுவோம்.

இவ்விரண்டிற்கும் மாற்றாக உள்ளது உருக்குச் சுரண்டு தகடு. உள்ளங்கையில் அடங்கும் மெல்லிய உருக்குத் தகடுதான் அது. கைப்பிடி இல்லை, திருகாணி இல்லை. பார்ப்பவர்க்கு இதுவும் ஒரு கருவியா என்று தோன்றும். ஸ்ரீவில்லிபுத்தூரில் தறிகளைப் பழுது பார்க்கும் முதிய தச்சர் ஒருவர், பழைய கைவாளிலிருந்து வெட்டிய இத்தகைய தகட்டால் நாடாப் பலகை ஒன்றைச் சீவிக்கொண்டிருந்தார். தறிக்குரியவர், “உப்புத்தாள் போட்டால் போதாதா, ஆசாரி?” என்று கேட்டார். “உப்புத்தாள் மரத்தைத் தேய்க்கும் அண்ணாச்சி, இது மரத்தைச் சீவும்” என்று சொல்லி, தகட்டின் முன் சுருண்டு விழுந்த சீவலை எடுத்து அவர் கையில் வைத்தார். வெங்காயத் தோலினும் மெல்லிய சுருள் அது. அப்பால் இருந்த சுவர் அதனூடே மங்கலாகத் தெரிந்தது. தூள் இல்லை. நாம் அங்கு இருந்தது கால் மணி நேரம். அதற்குள் பலகை முடிந்தது.

சுரண்டும் கருவி மனிதன் கண்ட முதற் கருவிகளில் ஒன்று என்பதும் இங்கே நினைக்கத்தக்கது. 1863ஆம் ஆண்டில் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் நிலவியலறிஞர் சென்னைக்கு அருகே பல்லாவரத்திலும், பின்னர் அத்திரம்பாக்கத்திலும் பழங்கற்காலக் கருவிகளைக் கண்டெடுத்தார். அத்திரம்பாக்கத்தில் நடந்த பிற்கால அகழாய்வுகள், செதில்களைப் பெயர்த்துச் சிறு கருவிகள் செய்யும் முறை ஏறக்குறைய 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கு தொடங்கிவிட்டதைக் காட்டின. அம்முடிவுகள் 2018ஆம் ஆண்டில் வெளியாயின. தெற்கே, தூத்துக்குடி வட்டாரத்தின் செந்நிறத் தேரி மணலிலும் நுண்கற்கருவிகள் கிடைக்கின்றன. அவற்றைப் பற்றிய விரிவான ஆய்வொன்றை 1956ஆம் ஆண்டில் ஸாய்னர், ஆல்ச்சின் என்னும் இருவர் வெளியிட்டனர். இக்காலக் கருவித் தொகுதிகளில் தோலையும் மரத்தையும் சீவப் பயன்பட்டவற்றை நம் தொல்லியலார் ‘சுரண்டி’ என்றே தமிழில் அழைக்கின்றனர். கல் போய் உருக்கு வந்தது. வேலை மாறவில்லை.

சுரண்டல் என்ற சொல்லுக்குக் கூட்டுறவுக்காரர் அகராதியில் வேறு பொருள் உண்டு என்று நகைக்கும் அன்பர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்வோம்: ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாச் சட்டியின் அடியை இடைவிடாது சுரண்டாவிட்டால் பால் தீய்ந்துவிடும். 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற அப்பண்டத்தைக் கிண்டி விற்பவர்களில் கூட்டுறவுப் பால் சங்கமும் ஒன்று.

இனித் தகடு செய்யும் முறை. முதலில் உருக்கைத் தேர வேண்டும். பல் போன கைவாள், அல்லது மரம் அறுக்கும் ஆலையில் முறிந்துபோன பட்டை வாளின் துண்டு மிகவும் ஏற்றது. கனம் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக இருக்கலாம். இரு கட்டை விரல்களால் அழுத்தினால் வில் போல் வளைய வேண்டும். விட்டால் நிமிர வேண்டும். வளைந்தபடியே நின்றால் அது வெறும் தகரம், பயனில்லை. அரத்தை வைத்துப் பார்த்தால் அரம் கடிக்க வேண்டும், ஆனால் எளிதில் கடிக்கக் கூடாது. இரும்பு அறுக்கும் ஆக்சா பிளேடுகளைச் சிலர் முயல்கிறார்கள். அவை மிகக் கடினம், அரம் வழுக்கிவிடும், வளைத்தால் முறிந்து தெறிக்கும். சாணையில் பிடித்து விளிம்பை நேராக்கி அப்படியே சுரண்ட அவை உதவலாமே அன்றி, கீழே நாம் கூறும் பிசிறு ஏற்றும் முறைக்கு ஒத்துவரா.

தகட்டின் நீளம் ஐந்து அங்குலம், அகலம் இரண்டரை அங்குலம் இருந்தால் கைக்கு அடக்கமாக இருக்கும். வாளின்மேல் கோடு கிழித்து, பட்டறை வைஸில் அக்கோடு வரை இறுகப் பிடித்து, உளியால் கோட்டை ஆழப்படுத்தி, மறு பக்கத்தை வளைத்து ஒடித்துவிடலாம். இவ்வேளையில் கண்ணுக்குக் காப்பு அணிவது அவசியம். சாணைச் சக்கரத்தில் வெட்டுவோர் அடிக்கடி நீரில் தோய்க்க வேண்டும். விளிம்பு நீலம் பாய்ந்தால் அவ்விடத்து உருக்கு மென்மையாகிவிட்டது என்று பொருள்.

அடுத்து நீள விளிம்பை அரத்தால் நேராக்க வேண்டும். தகட்டை நிமிர்த்தி நிறுத்தி, அரத்தை விளிம்பின்மேல் சரிவின்றிப் படிய வைத்துத் தள்ள வேண்டும். விளிம்பும் பக்கமும் செங்கோணமாகச் சந்திப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கை ஆடுகிறவர்கள் அரத்தின் கீழ் ஒரு சதுர மரக்கட்டையை அணைத்துக்கொண்டால் கோணம் தவறாது. அரத்தின் கோடுகள் மறையும்வரை விளிம்பையும் பின்னர் இரு பக்கங்களையும் தீட்டுக்கல்லில் எண்ணெய் விட்டுத் தேய்க்க வேண்டும். இங்கே அவசரப்படுகிறவர்களே அதிகம். அரக்கோடு மிஞ்சிய விளிம்பு மரத்திலும் கோடு போடும்.

இதுவரை செய்தது ஆயத்தம்தான். தகட்டுக்கு உயிர் வருவது இனித்தான். மரத்தைச் சீவுவது தகட்டின் தட்டையான விளிம்பு அன்று. அதன் ஓரத்தில் நாம் ஏற்றும் நுண்ணிய பிசிறே சீவுகிறது. அதனை ஏற்ற, தகட்டைவிடக் கடினமான வழவழப்பான உருக்குக் கோல் ஒன்று வேண்டும். தேய்ந்த முக்கோண அரத்தின் பற்களைச் சாணையில் முற்றிலும் நீக்கி, மூலைகளை உருட்டி, கல்லில் மெருகேற்றினால் அருமையான கோல் கிடைக்கும். பம்புசெட்டு எஞ்சினிலிருந்து கழற்றிப்போட்ட வால்வின் தண்டும் ஏற்றதே. விவசாய அன்பர்களின் வீட்டு மூலையில் அது கிடக்கக்கூடும்.

தகட்டை மேசையின் ஓரத்தில் படுக்கவைத்து, ஒரு துளி எண்ணெய் தொட்டு, கோலைப் பக்கத்தின்மேல் படிய வைத்து விளிம்பை ஒட்டி நாலைந்து முறை அழுத்தி இழுக்க வேண்டும். பின்னர் தகட்டை நிமிர்த்திப் பிடித்து, விளிம்பின்மேல் கோலை முதலில் மட்டமாகவும், அடுத்துச் சற்றே சாய்த்தும் மூன்று நான்கு முறை இழுக்க வேண்டும். சாய்வு ஐந்து முதல் பத்துப் பாகைக்கு மேல் வேண்டாம். மிகுதியாகச் சாய்த்தால் பிசிறு மடிந்து பயனற்றுப் போகும். இப்போது கட்டை விரலைத் தகட்டின் பக்கத்திலிருந்து வெளிப்புறமாக நகர்த்திப் பார்த்தால், கொக்கி போன்ற ஒன்று தட்டுப்படும். விரலை விளிம்பின் நீளவாக்கில் ஓட்டிப் பார்க்கவே கூடாது, அறுத்துவிடும். நீள விளிம்பு இரண்டு, ஒவ்வொன்றுக்கும் பக்கம் இரண்டு. ஆக ஒரு தகட்டில் நான்கு வாய்கள் கிடைக்கின்றன.

உபயோகிக்கும் முறையைச் சொல்லால் விளக்குவதைவிட ஒரு முறை செய்து பார்ப்பது மேல். இரு கைகளாலும் தகட்டின் ஓரங்களைப் பிடித்து, பின்புறம் நடுவில் கட்டை விரல்களை ஊன்றி, இலேசாக வளைத்து, தள்ளும் திசையில் சற்றுச் சாய்த்துத் தள்ள வேண்டும். சரியான சாய்வு வந்த கணமே சுருள் வரத் தொடங்கும். தூள் வந்தால் பிசிறு மழுங்கிவிட்டது என்று அறிக. நார் ஓடும் திசையிலேயே சீவ வேண்டும். திசை மாறி நார் எதிர்க்கும் இடத்தில் தகட்டைக் கோணலாகத் திருப்பிப் பிடித்தால் பெரும்பாலும் பணிந்துவிடும். இழைப்புளி பெயர்த்தெறியும் முறுக்கு மரத்தையும் இத்தகடு பெயர்க்காமல் சீவும் என்பது இதன் தனிச் சிறப்பு. சிறிது நேரத்தில் தகடு சூடேறிக் கட்டை விரலைச் சுடும். தோல் துண்டையோ மடித்த துணியையோ விரலுக்கும் தகட்டுக்கும் நடுவில் வைத்துக்கொள்ளலாம்.

நாடா ஓடும் பலகையில் வேலை செய்யும்போது ஓர் எச்சரிக்கை அவசியம். குத்துகிற இடத்தை மட்டும் திரும்பத் திரும்பச் சுரண்டினால் அங்கே பள்ளம் விழும். பள்ளத்தில் நாடா துள்ளும். துள்ளும் நாடா பாவுக்கு வெளியே பறக்கும். சிராயைப் போக்கப் போய்ப் பறக்கும் நாடாவை வரவழைப்பது புத்திசாலித்தனம் ஆகாது. எனவே சிராய் ஒரு சாணில் இருந்தாலும் பலகையின் முழு நீளத்தையும் சம அளவில் சீவ வேண்டும். நேரான சட்டத்தை அடிக்கடி வைத்துப் பார்க்க வேண்டும். மரக்கட்டையில் ஒரு பிளவு அறுத்துத் தகட்டை அதில் செருகிக்கொண்டால், கட்டையின் அடி தகட்டைப் பள்ளத்தில் இறங்கவிடாது. பலகைக்கும் அச்சுக்கும் இடையே உள்ள கோணத்தை எக்காரணம் கொண்டும் மாற்றக் கூடாது.

நாடாவை இரு துணிமெத்தைகளுக்கு நடுவில் பிடித்து, நடுவிலிருந்து முனையை நோக்கியே சீவ வேண்டும். முனையிலிருந்து நடுவுக்குச் சீவினால், சரிந்து வெளிவரும் நார்முனைகளைத் தகடு கிளப்பிவிடும். உலோக முனை மரத்தோடு சேரும் இடத்தில் மேடு இருந்தால், உலோகத்தை முதலில் சிறு அரத்தால் சரிசெய்த பின்னரே மரத்தைத் தொட வேண்டும். தகடு உலோகத்தின்மேல் ஏறினால் அதன் வாய் அப்போதே போய்விடும். இரண்டு, மூன்று நாடாக்களை மாற்றி நெய்பவர்கள், ஒன்றை மட்டும் மெலிய விடலாகாது.

சீவி முடித்ததும் ஈரத்துணியால் ஒரு முறை துடைத்து, நிழலில் காயவிட்டு, மீண்டும் மெல்லச் சீவ வேண்டும். ஐப்பசியில் எழ இருக்கும் நாரை இப்போதே எழுப்பி வெட்டிவிடும் தந்திரம் இது. பிறகு தேன்மெழுகைச் சிறிது தடவி, வெள்ளைத் துணியில் ஒன்றும் ஒட்டாத வரை தேய்த்துவிடலாம். எண்ணெய் கூடாது, நூல் கறைபடும். தகட்டில் தடவிய எண்ணெயையும் தறியருகே கொண்டுவருமுன் துடைத்துவிட வேண்டும்.

வேலை சரியாக அமைந்ததா என்று பார்க்கப் பருத்திப் பஞ்சைவிடச் சிறந்த அளவுகோல் இல்லை. ஒரு சிட்டிகைப் பஞ்சை எடுத்து மரத்தின்மேல் மெல்ல இழுத்துச் சென்றால், விரலுக்குத் தெரியாத சிராய் பஞ்சிழையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பஞ்சு ஒன்றும் விடாமல் வந்தால் நூலும் அப்படியே வரும்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தெற்கே போனால் ராஜபாளையம். 1936ஆம் ஆண்டில் பி. ஏ. சி. ராமசாமி ராஜா அங்கு நூற்பாலையைத் தோற்றுவித்தது முதல் பஞ்சும் நூலும் அவ்வூரின் தொழிலாக நிலைத்தன. அருகே சத்திரப்பட்டியில் விசைத்தறிகளில் மருத்துவத்திற்குரிய கட்டுத்துணி நெய்யப்படுகிறது. தறி இரும்பானாலும், நாடா கொண்டு நெய்யும் விசைத்தறியில் நாடா மரம்தான். கட்டுத்துணி இழைகள் இடைவெளி விட்டு ஓடும் மெல்லிய நெசவு. ஓரிழை அறுந்தாலும் கண்ணுக்குத் தெரியும். விசைத்தறியின் வேகத்தில் நாடாவின் பக்கம் சிலிர்த்தால் அறுவது ஓரிழையோடு நிற்பதில்லை. அங்குள்ள தறிக்காரர்கள் நாடாவைத் தறியை விட்டு அப்பால் கொண்டுபோய்த்தான் சீவ வேண்டும். புண்ணின்மேல் வைக்கும் துணியில் மரச்சீவல் விழுவது தகாது.

ராஜபாளையத்தைச் சுற்றிலும் தென்னையும் மாவும் செழித்த தோப்புகள். விவசாய அன்பர்களுக்கு இத்தகட்டால் ஆகும் பயன் கைப்பிடியில் இருக்கிறது. தென்னைக்கு வட்டப்பாத்தி வெட்டும் ஒருவர் ஒரு நாளில் எத்தனை முறை மண்வெட்டியை ஓங்குகிறார் என்று எண்ணிப் பார்த்தவர் இல்லை. பிடியில் ஒரு முண்டு இருந்தால் மாலைக்குள் உள்ளங்கை கொப்புளித்துவிடும். மறுநாள் அவர் வேலைக்கு வருவது ஐயம். கருவேல மரத்தில் செய்த பிடி உறுதியானது, ஆனால் வாய்ச்சியால் செதுக்கியபடியே விட்டால் கோணல் மாணலாக நிற்கும். இதற்குத் தகட்டின் ஒரு விளிம்பில் வட்ட அரத்தால் அரைவட்டப் பள்ளம் வெட்டிக்கொள்ள வேண்டும். பிடியின் பருமனைவிடப் பள்ளம் சற்று அகலமாக இருக்கட்டும். அவ்வளைவைப் பிடியின்மேல் வைத்துத் தன்பக்கம் இழுத்தால் மரம் உருண்டு வரும். அதன்மேல் வார்னிஷ் பூசுவதை நாம் ஆதரிப்பதில்லை. வியர்த்த கையில் அது வழுக்கும். சீவிய மரம் கையைப் பிடித்துக்கொள்ளும்.

எல்லா மரத்திற்கும் இது ஏற்றதன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். தேக்கு, பூவரசு, வாகை, கருவேல் போன்ற வன்மரங்களில் நன்றாக ஓடும். இலவு, முருங்கை போன்ற மென்மரத்தில் சீவாமல் பஞ்சு போல் கிளப்பும். தென்னை மரத்தில் கறுத்த கடின நாருக்கும் நடுவிலுள்ள மென்மையான சோற்றுக்கும் தகடு ஒரே மாதிரி இறங்குவதில்லை. அங்கே உப்புத்தாளே மேல்.

தறி மரத்தைப் பேணுவதில் மற்றொரு காரணமும் உண்டு. மேற்கே தெரியும் மலை 1988ஆம் ஆண்டில் சாம்பல் நிற அணில் சரணாலயமாயிற்று. 2021ஆம் ஆண்டில் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது. அது காக்கப்படுவதால்தான் அடிவாரத்து ஓடைகளில் நீர் இருக்கிறது. அதை எவரும் குறைகூற மாட்டார். ஆனால் நல்ல வைரம் பாய்ந்த மரம் இனி எளிதில் கிடைக்காது. பாட்டனார் காலத்துத் தேக்குப் பலகை சொரசொரத்துவிட்டது என்பதற்காக அதைக் கழற்றி அடுப்பங்கரையில் போட்டுவிட்டு, ஈரம் உலராத மலிவு மரத்தில் புதுப்பலகை போடுவதை நாம் பல வீடுகளில் பார்க்கிறோம். அப்புதுப்பலகை முதல் மழையிலேயே முறுக்கிக்கொள்கிறது. பழைய பலகையின் மேற்புறத்தில் காகித அளவு சீவினாலே போதும். அதன்கீழ் இன்னும் நல்ல மரம் இருக்கிறது.

ஒவ்வொரு நெசவாளரும் வைஸும் அரமும் தீட்டுக்கல்லும் வாங்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை, அது இயலாது. தகடு வீட்டில் இருந்தால் போதும்; அதைச் செய்யவும் புதுப்பிக்கவும் வேண்டிய சாதனங்கள் சங்கத்தில் ஒரு தொகுதி இருக்கட்டும். நூல் வாங்கவும் துணி ஒப்படைக்கவும் அங்கத்தினர் எப்படியும் சங்கத்திற்கு வருகிறார். காத்திருக்கும் நேரத்தில் தகட்டைத் தீட்டிக்கொண்டு போகலாம். வீட்டுப் பெண்கள் இவ்வேலையை ஆண்களைவிட நேர்த்தியாகச் செய்வதைப் பார்க்கிறோம். தார் சுற்றிப் பழகிய விரல்களுக்குப் பிசிறின் நுண்மை எளிதில் புலப்படுகிறது. 1935ஆம் ஆண்டில் கோ-ஆப்டெக்ஸ் தோன்றியபோது, தனி நெசவாளரால் ஆகாத விற்பனையைச் சேர்ந்து செய்வதே அதன் கருத்தாக இருந்தது. ஒரு வைஸ் வாங்குவதும் அதே கருத்தின் சிறிய உருவம். இதரச் செலவில் இதை எழுதினால் தணிக்கையில் ஆட்சேபம் வருமோ என்று செயலாளர் ஒருவர் கேட்டார். நிர்வாகக் குழுவின் தீர்மானமும் ரசீதும் இருந்தால் நம்மிடமிருந்து ஆட்சேபம் வராது.

மழுங்கிய தகட்டை ஒவ்வொரு முறையும் அரத்தில் இட வேண்டுவதில்லை. கோலால் பக்கத்தை மீண்டும் அழுத்தி, விளிம்பை மறுபடி சாய்த்து இழுத்தால் புதுப்பிசிறு எழும். நாலைந்து முறை இப்படிச் செய்த பின், பிசிறு எழ மறுக்கும்போதுதான் அரமும் கல்லும். வேலை முடிந்ததும் எண்ணெய்த் துணியில் சுற்றி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் அராவி அராவித் தகடு இரண்டு விரல் அகலமாகக் குறுகிப்போனால் எறிந்துவிட வேண்டாம். ஒரு முனையைச் சாணையில் உருட்டி, முன்போலவே தீட்டிப் பிசிறு ஏற்றினால், தார் அமரும் நாடாவின் உட்பள்ளத்தைச் சீவ அதுவே உகந்த கருவியாகும். அந்தப் பள்ளத்திற்குள் பெரிய தகடு நுழையாது.